விபத்தில் காயம் பட்டால் நஷ்டஈட்டை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? கொங்கு மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் தொடங்கி பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவைக்குப் போகிற 544-ஆம் எண் நெடுஞ்சாலை, கரூர், காங்கேயம், பல்லடம் வழியாக வருகிற 81-ஆம் எண் சாலை. இந்த இரண்டையும் ஒட்டியே நம் ஊர்களில் பாதி இருக்கிறது. விபத்து வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலாக ஈரோட்டுப் பக்கத்தில் என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உயிரிழப்பு வழக்குகளின் கணக்கு வேறு. இது காயம் பட்டுப் பிழைத்தவர்களுக்கானது.

கார் இடிச்சு எங்க வீட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சிருச்சுங்க. எவ்வளவு கிடைக்கும்?

காலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் எதுவும் சட்டத்தில் கிடையாது. அடிபட்டவரின் வயது, மாத வருமானம், அந்தக் காயம் அவர் செய்கிற வேலையை எந்த அளவுக்குக் கெடுத்தது, சிகிச்சைக்கு ஆன செலவு, விபத்தில் தவறு யார் பக்கம் என்ற ஐந்தும் சேர்ந்துதான் தொகை வருகிறது. இவற்றில் நம் கையில் இருப்பது ஒன்றுதான்: ஒவ்வொன்றுக்கும் காகிதம் வைத்திருப்பது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து நின்று "பத்து லட்சம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்கிறவர் உங்கள் எக்ஸ்ரேயைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இந்தத் தொகையை முடிவு செய்வது யாருங்க? போலீஸா, இன்சூரன்ஸ் கம்பெனியா?

இரண்டு பேரும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் மனு போட்டால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். நம் நீதிமன்றங்களில் 'எம்.சி.ஓ.பி.' என்று எண் போட்டு நடப்பது இந்த வழக்குதான். விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற ஊர், எதிர்மனுதாரர் இருக்கிற ஊர் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். விபத்து கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும் கோபிக்காரர் அங்கே அலைய வேண்டியதில்லை.

பணம் தருவது பெரும்பாலும் இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபருக்கு ஏற்படும் உடல் காயத்துக்கு அந்தப் பாலிசியில் உச்சவரம்பு இல்லை. அதனால்தான் கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது. தவறு யார் பக்கம் என்று நிரூபிக்க முடியாதவர்களுக்கு 164-ஆவது பிரிவு இருக்கிறது. கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், உயிரிழப்புக்கு ஐந்து லட்சம் என்று அதில் நிலையான தொகை. அதை வாங்கினால் வழக்கு அத்தோடு முடிந்தது. பெரிய ஊனம் உள்ளவர்கள் அந்த வழியில் போவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

என்னென்ன தலைப்பில் பணம் கேட்கலாம்?

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. இன்றும் காய வழக்குகளுக்கு அதுதான் அடிப்படை. ஆஸ்பத்திரி, மருந்து, போக்குவரத்து, ஊட்ட உணவுக்கான செலவு, படுத்திருந்த மாதங்களில் போன சம்பளம், ஊனத்தால் இனி வாழ்நாள் முழுவதும் குறையப் போகிற வருமானம், இனிமேல் செய்ய வேண்டிய சிகிச்சை இவை பணக் கணக்கில் வருபவை. வலி வேதனை, வாழ்க்கையின் சுகங்களை இழந்தது, திருமண வாய்ப்புக் குறைந்தது, ஆயுள் குறைந்தது என்பவை பணக் கணக்கில் அடங்காதவை.

சாதாரணக் காயத்துக்கு மருத்துவச் செலவு, போன சம்பளம், வலி வேதனை என்ற அளவோடு முடிந்துவிடும். மற்ற தலைப்புகள் எல்லாம் கொடுங்காயமும் நிரந்தர ஊனமும் இருந்தால்தான். இங்கே பலர் விட்டுவிடுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உள்ளே வைத்த பிளேட்டை ஒன்றிரண்டு வருடம் கழித்து எடுக்க வேண்டும் என்றால் அந்த ஆபரேஷன் செலவை இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி மனுவில் சேர்க்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு போய்க் கேட்க முடியாது. அதேபோல, வீட்டில் மனைவியோ அம்மாவோதான் உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள், சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை என்றாலும் உதவியாளர் செலவு கேட்கலாம். அவர்கள் தறிக்கோ கம்பெனிக்கோ போகாமல் வீட்டில் இருந்த நாட்களுக்கு மதிப்பு உண்டு.

மெடிக்கல் போர்டில் 30 சதவீத ஊனம் என்று கொடுத்திருக்கிறார்கள். 30 சதவீதம் என்றால் எல்லாருக்கும் ஒரே தொகைதானே?

இல்லை. நஷ்டஈட்டு வழக்கில் பெரிய தொகை கூடுவதும் குறைவதும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவர் கொடுக்கிற சதவீதம் உடம்பின் குறையை அளக்கிறது. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பதை. இரண்டும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் தீர்ப்பு சொல்கிறது. ஓட்டுநரோ தச்சரோ ஒரு கையை இழந்தால் அவருடைய பிழைப்பு கிட்டத்தட்ட முழுவதும் போகிறது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர் அதே கையை இழந்தாலும் வேலையில் தொடரலாம், சம்பளம் குறையாமலும் இருக்கலாம்.

நம் ஊர்த் தொழில்களில் வைத்துப் பாருங்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லருக்கு வலது மணிக்கட்டு மடங்கவில்லை என்றால், ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளும் வேகம் போய்விடும். அவருக்குக் கூலி வேகத்தில்தான் இருக்கிறது. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் எட்டு மணி நேரம் தறிகளுக்கு நடுவில் நின்று நடக்க வேண்டும், முழங்கால் மடங்காவிட்டால் முடியாது. பொள்ளாச்சியில் தென்னை ஏறுகிறவருக்குக் கணுக்கால் போனால் தொழிலே போனது. அதே கணுக்கால் முறிவு மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வலியைத் தரும், வருமானத்தைப் பெரிதாகத் தொடாது. நான்கு பேர் சான்றிதழிலும் 30 சதவீதம்தான் இருக்கும். தொகை மட்டும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். சான்றிதழில் இருப்பது அந்த ஒரு உறுப்புக்கான சதவீதமா, முழு உடம்புக்கான சதவீதமா என்று பாருங்கள். காலில் 45 சதவீதம் என்றால் அது முழு உடம்புக்கு 45 ஆகாது, குறைவாகத்தான் வரும். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தந்த சான்றிதழுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம். சிகிச்சையே கொடுக்காமல், கட்டணம் வாங்கிக்கொண்டு தாராளமாகச் சதவீதம் எழுதுகிற மருத்துவர்கள் மீது நீதிமன்றங்களுக்கே சந்தேகம் உண்டு, அந்தச் சான்றிதழ் உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.

சரி, அந்தக் கணக்கை ஒரு உதாரணத்தோடு போட்டுக் காட்டுங்களேன்.

34 வயது டெய்லர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் அல்லது நிரந்தரமில்லாத சம்பளத்தில் இருப்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால், வருங்காலத்தில் கூலி உயரும் என்பதற்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின் கணக்கு இது. 40 முதல் 50 வயதுக்கு 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். இது உயிரிழப்பு வழக்குக்கு மட்டும்தான் என்று இன்சூரன்ஸ் தரப்பு வெகுகாலம் வாதாடியது. கையை இழந்த ஒரு இளைஞரின் வழக்கில், பப்பு தேவ் யாதவ் தீர்ப்பில், காயம் பட்டவருக்கும் அதைச் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆக 15,000-உடன் 6,000 சேர்ந்து 21,000. வருடத்துக்கு 2,52,000. இதை வயதுக்கேற்ற பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பில் இருக்கும் பட்டியல்படி 25 வயது வரை 18, 30 வரை 17, 35 வரை 16, 40 வரை 15, 45 வரை 14, 50 வரை 13, 55 வரை 11, 60 வரை 9, 65 வரை 7, அதற்கு மேல் 5. நம் டெய்லருக்கு 16. பெருக்கினால் 40,32,000 வருகிறது. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று தீர்ப்பாயம் எடுத்தால் 12,09,600. கை வேலைக்காரர், பாதித் திறன் போய்விட்டது என்று நிரூபித்தால் 20,16,000. உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கு என்று கழிப்பார்கள், காய வழக்கில் அந்தக் கழிவு கிடையாது. இதன் மேல்தான் மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், வலி வேதனை எல்லாம் சேரும்.

வேலையைப் பாதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், நம் மாநிலத்தில் பெருக்கு எண்ணை விட்டுவிட்டு ஒரு சதவீதத்துக்கு 3,000, 4,000, 5,000 என்று கணக்கிடும் வழக்கம் இருக்கிறது. 5,000 என்றே வைத்தாலும் அதே 30 சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம்தான். பன்னிரண்டு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் நடுவில் இருப்பது, உங்கள் வேலை என்ன, அதை இப்போது ஏன் செய்ய முடியவில்லை என்ற சாட்சியம். "எனக்கு ஊனம் ஏற்பட்டுள்ளது" என்று ஒரு வரியில் சாட்சி சொல்லிவிட்டு இறங்காதீர்கள். நாளொன்றுக்கு எத்தனை பீஸ் தைத்தேன், இப்போது எத்தனை முடிகிறது, எந்த மெஷினில் உட்கார முடியவில்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் லைன் சூப்பர்வைசரையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாதுங்க. சனிக்கிழமை கையில் கூலி வாங்குவேன். என்ன செய்வது?

கொங்கு நாட்டில் காயம் பட்டவர்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான். ஆதாரம் இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று தீர்ப்பாயம் சொல்ல முடியாது. காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில் (சையத் சாதிக், 2014), இப்படிப்பட்டவரிடம் சம்பளச் சான்று எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லி 2008-ஆம் ஆண்டு விபத்துக்கு மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆதாரம் இல்லாதபோது நீதிமன்றமாக எடுக்கிற தொகை பெரும்பாலும் உண்மைக் கூலியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மேலே சொன்ன டெய்லருக்கு 15,000-க்குப் பதில் 10,000 என்று எடுத்தால் 30 சதவீதக் கணக்கில் 12,09,600 என்பது 8,06,400 ஆகிவிடும். ஒரு காகிதம் இல்லாததால் நான்கு லட்சம் போகிறது.

எதை வைத்து நிரூபிக்கலாம்? இப்போது நிறையக் கம்பெனிகள் வாரக்கூலியைக் கூகுள் பே, போன்பே வழியாகவே போடுகின்றன. விபத்துக்கு முந்தைய ஒரு வருட வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அதன் பதிவு. கம்பெனியின் கூலி நோட்டு, அதை எழுதிய கணக்குப்பிள்ளையின் சாட்சியம். மகளிர் குழுக் கடனில் வாரத் தவணை கட்டிய பாஸ்புக்கூட, இவ்வளவு கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தது என்று காட்டும். சொந்தமாகத் தறி, லேத், ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதுதான் வலுவான ஆதாரம். விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த கணக்கை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள்.

முதலாளியிடம் சான்று வாங்கும்போது உள்ள கூலியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 15,000 வாங்கியவருக்கு 40,000 என்று எழுதிக் கொடுத்து, கூண்டில் ஏறி பதிவேடு எங்கே என்று கேட்டதும் முதலாளி திணறினால், உண்மையான 15,000-உம் சேர்ந்து போய்விடும்.

தோட்டம் வைத்திருக்கிறேன். நிலம் அப்படியே இருக்கிறதே, உனக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள்.

கேட்பார்கள், அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. நிலம் எங்கும் போய்விடவில்லை, அதன் விளைச்சல் முழுவதையும் நஷ்டம் என்று காட்ட முடியாது. நீங்கள் இழந்தது உங்கள் உழைப்பையும் மேற்பார்வையையும். மஞ்சள் வெட்டி வேக வைக்க, மாடு கறக்க, இராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணி கட்ட, முன்பு நீங்களே செய்த வேலைக்கு இப்போது ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கூலிதான் உங்கள் நஷ்டம். சிட்டா, அடங்கல், பால் சொசைட்டி அட்டை, ஒழுங்குமுறை விற்பனைக் கூட ரசீது எல்லாம் இதற்கு உதவும். குத்தகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு நிலம் இருக்கிறதே என்ற கேள்வியே எழாது. ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் நிரூபிப்பது சிரமம்.

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் கிடையாதே?

வீட்டு வேலைக்கும் மாத வருமானம் என்று ஒரு தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், அதோடு வருங்கால உயர்வையும் சேர்க்கலாம் என்று 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பக்கம் 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்று மனுவிலேயே எழுத விடுகிறார்கள். அந்தப் பெண் விடியற்காலையில் பால் கறந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மதியம் பனியன் பிசிறு வெட்டிக் கொடுத்துக் காசு பார்க்கிறவராக இருப்பார். அதையெல்லாம் எழுதுங்கள்.

குழந்தைகளுக்கு 2013-ஆம் ஆண்டின் மல்லிகார்ஜுன் தீர்ப்பில் ஓர் அளவு இருக்கிறது. முழு உடம்பின் நிரந்தர ஊனம் 10 சதவீதத்துக்கு மேல் 30 வரை மூன்று லட்சம், 60 வரை நான்கு லட்சம், 90 வரை ஐந்து லட்சம், அதற்கு மேல் ஆறு லட்சம். சிகிச்சைச் செலவும் உதவியாளர் செலவும் இதற்கு மேல் தனி. மூளையில் அடிபட்டு வாழ்நாள் முழுவதும் ஆள் துணை வேண்டிய குழந்தைகளுக்கு இந்த அளவு போதாது. காஜல் வழக்கில் (2020) உதவியாளர் செலவையே பெருக்கு எண்ணால் பெருக்கிக் கொடுத்தார்கள்.

எங்க பக்கமும் கொஞ்சம் தப்பு இருந்தது. ஹெல்மெட் போடலை, வண்டியில் மூணு பேர், லைசென்சும் இல்லை. கேஸ் நிற்குமா?

நிற்கும். உங்கள் தவறு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்தால் மொத்தத் தொகையில் 20 சதவீதம் கழியும், மீதி வரும். லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்கு நீங்கள் காரணம் ஆகிவிட மாட்டீர்கள். மூன்று பேர் போனதும் அப்படித்தான்: அதனால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று காட்டினால் ஒழியக் கழிக்கக் கூடாது என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹெல்மெட் விஷயம் வேறு. தலையில் அடிபட்டு ஹெல்மெட் இல்லை என்றால் ஒரு பங்கைக் கழிக்கிற தீர்ப்புகள் வருகின்றன. காலில் அடிபட்டவருக்கு ஹெல்மெட்டைக் காட்டிக் கழிக்கச் சொன்னால் அதை எதிர்த்து வாதாட வேண்டும்.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு, வண்டி ஓட்டியவர் செய்த தவறுக்காகக் கழிவு இல்லை. இரண்டு வண்டி மேலும் தவறு என்றால் அவர் முழுத் தொகையையும் எந்த ஒரு வண்டியின் தரப்பிடமும் வாங்கலாம்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு டாடா ஏஸில் போனபோது கவிழ்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் உண்டா?

வருத்தமான பதில்தான். சரக்கு வண்டியில் ஆட்களாக ஏறிப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்று 2003 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சரக்கோடு போகும் அதன் உரிமையாளருக்கோ, அவர் அனுப்பிய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிக்கோதான் பாதுகாப்பு உண்டு. சில வழக்குகளில் முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவு வரும், அதை நம்பி இருக்க முடியாது. உரிமையாளர் மேல் தீர்ப்பு வாங்கினாலும், அவரிடம் இருப்பது அந்த ஒரு வண்டியும் அதன் மேல் கடனும் என்றால் எங்கே வசூலிப்பது? கட்டுச்சோற்றோடு இருபது முப்பது பேர் சரக்கு வண்டியில் ஏறும் வழக்கம் நம் ஊரில் நின்றால் நல்லது.

சொந்தக்காரர் காரில் பழனிக்குப் போகும்போது அவர் தவறால் காயம் பட்டால், அந்தக் காருக்கு முழு பாலிசி இருக்கிறதா, வெறும் மூன்றாம் நபர் பாலிசியா என்று பார்க்க வேண்டும். முழு பாலிசியில்தான் தனியார் காரில் வந்தவர்களுக்கும் பைக்கில் பின்னால் வந்தவர்களுக்கும் பணம் வரும். உங்கள் வீட்டு வண்டிக்கு எது இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

லாரி டிரைவர் தன் தவறால் மோதிக் காயம் பட்டால்?

166-இல் கேட்க முடியாது. ஆனால் வேலையில் இருந்தபோது நடந்தது என்பதால், வேலையில் நேரும் காயத்துக்குத் தொழிலாளருக்கு இழப்பீடு தருகிற சட்டத்தில், தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். அங்கே தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி, ரிக் வண்டிக்காரர்களுக்கு இது முக்கியம். எதிர் வண்டி மேல் தவறு என்றால் இரண்டில் ஏதாவது ஒரு சட்டத்தில்தான் கேட்கலாம், இரண்டிலும் முடியாது. இளவயதுக்காரருக்கு நல்ல வருமானம் இருந்தால் எம்.சி.ஓ.பி.யில்தான் கூடுதலாக வரும் என்பது என் கணிப்பு.

விபத்து நடந்த முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆஸ்பத்திரி. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வது அதைத்தான். எந்த வண்டி இடித்தது என்று கேட்கும்போது கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்கில் இருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால், பல மாதம் கழித்து அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் தரப்பு, கார் இடிக்கவே இல்லை என்று வாதாடும். வண்டி எண் தெரிந்தால் எண், தெரியாவிட்டால் "கார் மோதியது" என்றாவது பதிவாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடத் தாமதமானால் அதனாலேயே வழக்கு போய்விடாது, சிகிச்சையில் இருந்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் நாட்டுக் கட்டு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களிடம் போகும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. சிகிச்சை உங்கள் விருப்பம். ஆனால் எக்ஸ்ரேயும் பதிவும் இல்லாமல் நேராக அங்கே போய்விட்டால், முறிவு இருந்தது என்பதற்கே ஆதாரம் இருக்காது. முதலில் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பில்லில் நோயாளி பெயரும் தேதியும் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துச் சீட்டு, வாடகை டாக்சி ரசீது எதையும் எறியாதீர்கள். வெயிலில் மங்கும் தெர்மல் காகித ரசீதுகளை அன்றன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

கையில் காசில்லை, சிகிச்சைக்கே வழியில்லை என்றால்?

தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். சேர்க்கும்போதே இந்தத் திட்டத்தில் பதியச் சொல்லுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது.

வண்டி எது என்று கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் மத்திய அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். இது மிகக் குறைவு. அதனால் பக்கத்துப் பெட்ரோல் பங்க், டோல்கேட், பேக்கரி கேமராப் பதிவுகள் அழிவதற்குள் போலீஸில் சொல்லி எடுக்க வையுங்கள். எண் கிடைத்துவிட்டால் வழக்கமான கணக்குதான்.

எத்தனை நாளுக்குள் மனு போட வேண்டும்?

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதம் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதன் முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லை என்றாலும் மனு போடலாம், சான்றிதழ்கள் பிறகு வரலாம்.

இன்சூரன்ஸ்காரர்கள் சமாதானமாகப் போகலாம் என்கிறார்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது தவறே இல்லை. வருடக்கணக்கில் அலையாமல் பணம் கைக்கு வரும். ஆனால் அங்கே போடும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் எலும்பு கூடி, மருத்துவக் குழுவிடம் காட்டி, ஊனம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே தொகை பேசுங்கள். பேசும்போது வட்டியையும் கணக்கில் எடுங்கள். மனு போட்ட நாளிலிருந்து நம் பக்கத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஏழரை சதவீத வட்டி கொடுக்கின்றன. பன்னிரண்டு லட்சத்துக்கு வருடம் 90,000. மூன்று வருடம் ஓடிய வழக்கில் வட்டியே 2,70,000 ஆகியிருக்கும், அதை விட்டுக்கொடுத்துவிட்டு 'முழுத் தொகை வாங்கினோம்' என்று நினைக்கக் கூடாது. என் அனுபவத்தில், தீர்ப்பில் எதிர்பார்க்கக்கூடிய தொகையில் முக்கால் பங்குக்கு மேல் வருகிறது, குடும்பத்துக்குப் பணம் உடனே தேவை என்றால் முடித்துக்கொள்வது நல்லது.

அரசு பஸ் இடித்தால்?

கணக்கு அதேதான். ஆனால் பணத்தைப் போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும், அதில் தாமதம் அதிகம். தீர்ப்பு வந்தும் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு பஸ்ஸை ஜப்தி செய்யலாம். பஸ் ஸ்டாண்டில் நீதிமன்ற ஊழியரான அமீனா பஸ்ஸை நிறுத்தும் செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

வக்கீலுக்கு இத்தனை சதவீதம் என்று கேட்கிறார்களே?

வருகிற தொகையில் பங்கு பேசுவதை வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. கட்டணத்தை முதலிலேயே பேசி, ரசீது வாங்குங்கள். வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பெண்களும் குழந்தைகளும் வருமானம் பார்க்காமலே இதைக் கேட்கலாம். எழுதாத வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்றால்?

90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், சேலம் வழக்குகள் சென்னைக்கும், கரூர் வழக்குகள் மதுரைக் கிளைக்கும் போகும். நீங்கள் மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகவும் நீதிமன்றம் கொடுக்கலாம், கூடுதல் தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டி வரும். வருமானத்தைக் குறைவாக எடுத்தது, வருங்கால உயர்வைச் சேர்க்காமல் விட்டது, பெருக்கு எண் போட வேண்டிய இடத்தில் சதவீதத்துக்கு இவ்வளவு என்று போட்டது ஆகிய மூன்றும்தான் நான் அதிகம் பார்க்கிற மேல்முறையீட்டுக் காரணங்கள்.

பணம் எப்படிக் கைக்கு வரும்?

இன்சூரன்ஸ் கம்பெனி நீதிமன்றக் கணக்கில் கட்டும். நீங்கள் மனு போட்டு, உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். வேறு யார் கணக்கு எண்ணையும் அந்த மனுவில் எழுத விடாதீர்கள். சிறுவர்களின் பங்கை 18 வயதாகும் வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடுவார்கள், வட்டியைக் காப்பாளர் அவ்வப்போது எடுக்கலாம். படிப்புக்கோ ஆபரேஷனுக்கோ நடுவில் அசல் தேவைப்பட்டால், கல்லூரிக் கட்டண ரசீதையோ மருத்துவர் தந்த செலவு மதிப்பீட்டையோ வைத்துத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால், தேவையான அளவுக்கு எடுக்க அனுமதிப்பார்கள்.